சுவரில்லாத அறைகளைக் கண்டவர்: தியோடர் ஷ்வான்



உங்கள் வீட்டுப் பிள்ளையின் அறிவியல் நோட்டில் இந்த அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் தாவர செல், மறுபக்கம் விலங்கு செல். செல் சுவர்: உண்டு, இல்லை. பசுங்கணிகம்: உண்டு, இல்லை. பிள்ளை கடகடவென ஒப்பித்துவிடும். ஏன் அப்படி என்று கேட்டால் விழிக்கும். அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரைப் பற்றி இந்த இதழில் தெரிந்துகொள்ளுங்கள்.

தியோடர் ஷ்வான் 1810 டிசம்பர் 7 அன்று ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்து, பெர்லினில் பேராசிரியர் யோஹானஸ் முல்லரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1836இல், 25 வயதில், இரைப்பையில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் பெப்சினைக் கண்டறிந்தார்.

தாவரங்களில் செல்கள் இருப்பது அப்போதே பழைய செய்தி. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்துச் சிற்றறைகளைக் கண்டிருந்தார். அவர் பார்த்தது செத்த செல்களின் சுவர்களை. விலங்கு செல்லுக்கோ அப்படிப் பளிச்சென்று தெரியும் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வு மட்டுமே. அதனால் விலங்குடலும் செல்களால் ஆனதுதான் என்று நிறுவ மேலும் 170 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1837இல் ஒருநாள் தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லைடனுடன் ஷ்வான் உணவருந்தினார். தாவர செல்லின் உட்கருவைப் பற்றி ஷ்லைடன் பேசப்பேச, தலைப்பிரட்டையின் முதுகுநாணில் அதே உருவத்தைத் தாம் பார்த்தது ஷ்வானுக்கு நினைவு வந்தது. அதன்பின் அவர் சுவரைத் தேடவில்லை, உட்கருவைத் தேடினார். குருத்தெலும்பு, தசை, நரம்பு, நகம், இறகு என ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1839இல் நூலாக வெளியிட்டார். செடியும் விலங்கும் ஒரே அடிப்படையில் கட்டப்பட்டவை என்பது அப்போதுதான் நிலைபெற்றது.

புதிய செல் உண்டாகும் விதத்தில் அவர் தவறினார். படிகம் உருவாவதுபோல் திரவத்திலிருந்து அது பிறக்கிறது என்று எண்ணினார். செல்லிலிருந்தே செல் பிறக்கிறது என்று ரீமாக்கும் விர்ஷோவும் பின்னர் திருத்தினார்கள். ஆனால், ஈஸ்ட் உயிருள்ளது என்று அவர் சொன்னது சரி. அதற்காகப் பெரிய வேதியியலாளர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் 1839இல் பெல்ஜியத்துக்குச் சென்று லூவனிலும், 1848 முதல் லியேஜிலும் பேராசிரியராக இருந்தார். 1882 ஜனவரி 11 அன்று கொலோனில் காலமானார். நரம்பிழையைச் சுற்றியுள்ள செல்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன.

பிள்ளைக்குச் சொல்லித்தரும்போது நீங்களும் ஷ்வானின் வழியிலேயே போகலாம். முதலில் ஒற்றுமை: இரண்டிலும் சவ்வு, சைட்டோபிளாசம், உட்கரு, மைட்டோகாண்ட்ரியா உண்டு. பிறகு வேற்றுமை, காரணத்தோடு. செடிக்கு எலும்பில்லை, நிமிர்ந்து நிற்க செல் சுவர் வேண்டும். தன் உணவைத் தானே தயாரிப்பதால் பசுங்கணிகம் வேண்டும். நீர் நிறைந்த பெரிய வாக்குவோல் உள்ளிருந்து சுவரை அழுத்தி விறைப்பாக வைக்கிறது. பால்கனித் தொட்டியில் தண்ணீர் ஊற்ற மறந்தால் துளசி துவள்வது அந்த அழுத்தம் குறைவதால்தான். விலங்கோ அசைய வேண்டும், வளைய வேண்டும். விறைப்பான சுவர் அதற்கு இடைஞ்சல்.

பள்ளி நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்க்கும் பிள்ளை, அதில் பசுங்கணிகம் எங்கே என்று கேட்கக்கூடும். வெங்காயம் வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே அதற்கு வேலையில்லை. அப்படியொரு கேள்வி வந்தால் மகிழுங்கள். அட்டவணையைத் தாண்டிப் பிள்ளை யோசிக்கத் தொடங்கிவிட்டது.