கொள்ளையருக்கும் தாயான ஏமி அம்மையார்

பங்கின் யூபிலி மலர் என்றால் புனிதர் ஒருவரின் வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஒரு மாறுதலாக, நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேராத பெண்மணி ஒருவரின் வாழ்வைக் காண்போம். அயர்லாந்தில் பிறந்து, தாய்நாட்டிற்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 55 ஆண்டுகள் நம் நாட்டிலேயே உழைத்து, நெல்லைச் சீமை மண்ணில் அடங்கியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். ஊரார் அஞ்சி ஒதுக்கியவர்களை உறவாகக் கொண்டவர் என்பதால், அவரது வாழ்வு நமக்கும் பாடமாகிறது.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தை மாவு ஆலை நடத்தியவர். 1885-இல் தந்தை காலமானார். செல்வமாக இருந்த குடும்பத்தை வறுமை சூழ்ந்தது.

அக்காலத்தில் பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் ஏராளமான ஏழைப் பெண்கள் வேலை செய்தனர். தொப்பி வாங்க வசதியின்றித் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரிந்த அவர்களைக் கண்ணியமான குடும்பத்தார் தீண்டத்தகாதவரைப்போல் நடத்தினர். அவர்கள் ஆலயத்தில் வந்து அமர்வதையே பலர் விரும்பவில்லை. இளம்பெண்ணான ஏமியோ அவர்கள் குடியிருந்த சந்துகளுக்கே சென்று பழகினார். அவர்களுக்கென்று 500 பேர் அமரக்கூடிய தகரக் கூடம் ஒன்று 1889-இல் இவரது முயற்சியால் எழுந்தது. பின்னர் மான்செஸ்டர் நகரின் ஆன்கோட்ஸ் சேரியில், ஏழைகளுக்கு நடுவிலேயே குடியிருந்து தொண்டு செய்தார். உடல்நலம் குன்றியதால் அங்கிருந்து திரும்ப நேர்ந்தது.

1895 நவம்பரில் இந்தியா வந்தவர் தமிழைக் கற்றார், சேலை உடுத்தினார், திருநெல்வேலிப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். 1901-இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமி ஒருத்தி தப்பியோடி வந்து இவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கியதே டோனாவூர் இல்லம். பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். எல்லோருக்கும் இவர் 'அம்மா' ஆனார். இவை பலரும் அறிந்த செய்திகள். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு.

டோனாவூருக்கு மேற்கே எழும் மலைக்காடுகளில் அந்நாளில் ஜம்புலிங்கம் என்பவர் கொள்ளைக் கூட்டம் ஒன்றை நடத்தி வந்தார். தாம் செய்யாத கொள்ளைக்காகக் குற்றம் சாட்டப்பட்டு, அதனாலேயே காட்டுக்குள் ஓடி, உண்மையாகவே கொள்ளையரானவர் என்று அம்மையார் எழுதுகிறார். இருப்போரிடம் பறித்து இல்லாதோர்க்குக் கொடுப்பவர் என்று ஏழைகள் அவரைக் கொண்டாடினர். பிறர் செய்த குற்றங்களும் அவர் தலையில் ஏற்றப்பட்டன. காவல்துறையினர் மலையெங்கும் அவரைத் தேடினர்.

அவரைச் சந்திக்க வேண்டுமென்று அம்மையார் இறைவனிடம் மன்றாடி வந்தார். 1921-ஆம் ஆண்டு அது நிறைவேறியது. காட்டிலிருந்து இறங்கிவந்த வழியில் ஜம்புலிங்கமும் தோழர்களும் எதிர்ப்பட்டனர். ஆயுதம் தாங்கியவர்களுக்கு அம்மையார் அஞ்சவில்லை. உட்கார்ந்து அவர்தம் கதையைக் கேட்டார். சரணடைந்து நேர்வழிக்கு வரும்படி வேண்டினார். சரணடைய மனம் வராத ஜம்புலிங்கம், தம் பிள்ளைகளைக் காப்பாற்றும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். அந்தப் பொறுப்பை அம்மையார் ஏற்றார்.

பின்னர் ஜம்புலிங்கம் காயத்துடன் பிடிபட்டபோது, அம்மையார் மருத்துவமனைக்கே சென்று கண்டார். சிறைப்பட்டிருந்த அக்காலத்தில் அவர் கிறிஸ்துவை ஏற்றுத் திருமுழுக்கும் பெற்றார். இத்துடன் கதை முடிந்திருந்தால் எவ்வளவு இனிமையாயிருக்கும்! ஆனால் அவர் சிறையிலிருந்து தப்பி மீண்டும் மலையேறிவிட்டார். அம்மையாரின் நெஞ்சில் அது பேரிடியாக விழுந்தது. இதற்குத்தானா இத்தனை பாடு என்று ஊரார் பேசியிருந்தாலும் வியப்பில்லை. டோனாவூர் இல்லத்தின் மீதே ஐயம் விழுந்தது.

அப்போதும் அம்மையார் அவரைக் கைவிடவில்லை. இரவில் மறைவாகச் சென்று அவரைக் கண்டு, அரசிடம் சரணடையும்படி மீண்டும் கெஞ்சினார். குற்றத்தை அவர் மூடி மறைக்கவில்லை. சட்டத்தை மீறும்படி சொல்லவும் இல்லை. அதே சமயம், தவறியவன் இனித் தன் மகன் அல்லன் என்று கதவைச் சாத்தவும் இல்லை. ஜம்புலிங்கம் சரணடையவில்லை. 1923 செப்டம்பர் 20-ஆம் நாள் காவலர் வேட்டையில் சிக்கி உயிரிழந்தார். அவரது உண்மை வரலாற்றை உலகறிய வேண்டுமென்று அம்மையார் ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1927-இல் வெளியிட்டார்.

1931-இல் கீழே விழுந்து அடிபட்ட அம்மையார், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே கழித்தார். எழுதுகோலை மட்டும் விடவில்லை. 1951 ஜனவரி 18-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே அங்கு நிற்கிறது. அதில் பொறித்திருப்பது 'அம்மா' என்ற ஒரே சொல்.

அன்பு நெஞ்சங்களே! நம் அய்யலூரிலும் சந்தைக் கூட்டத்தில், பேருந்து நிலையத்தில், வழக்கிலும் வம்பிலும் பெயர் கெட்டுப்போன இளைஞர் யாரேனும் நம் கண்ணில் படாமலிரார். சிறை சென்று வந்தவன் வீட்டு நன்மை தீமைக்கு நாம் போகிறோமா? அவன் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அமர்ந்து ஞானோபதேசம் படிக்க விடுகிறோமா? ஒருமுறை திருந்தி மறுமுறை தவறினால், மூன்றாம் முறை அவன் வாசலில் போய் நிற்பது யார்?

நல்ல கள்ளனுக்கு வானக வாழ்வை வாக்களித்த ஆண்டவரின் சிலுவையை நம் ஆலய கோபுரத்தில் உயர்த்தியிருக்கிறோம். அதன் நிழல் அத்தகையோர் வீட்டு முற்றத்திலும் விழட்டும். யூபிலி ஆண்டில் நாம் ஆண்டவருக்கு அளிக்கும் காணிக்கை அதுவாக இருக்கட்டும்.