கொபோல் மொழிக்கு வித்திட்ட கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

கணனித் துறையில் ஒரு கருவியின் ஆயுள் பெரும்பாலும் சில ஆண்டுகளேயாம். ஆயினும், 1959ஆம் ஆண்டில் வகுக்கத் தொடங்கப்பெற்ற கொபோல் என்னும் நிரல்மொழி, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் வங்கிகளிலும் காப்புறுதி நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கணக்கு எழுதி வருகின்றது. அம்மொழிக்கு வித்திட்டவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டுக் கிறேஸ் ஹொப்பர் அம்மையாராவர். அவர்தம் வரலாறு ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகலின், ஈண்டு அதனைச் சுருக்கிக் கூறுவாம்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில், மணிக்கூடு எவ்வாறு அடிக்கின்றது என்பதனை அறியவிரும்பி, வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிவிட்டார். அன்னையாரோ அவரைக் கடிந்து ஒதுக்காது, இனி ஒன்றனை மட்டும் கழற்றுக என வரையறை செய்தனர். அவ்வாராய்ச்சி வேட்கையே பின்னர்க் கல்வியாக மலர்ந்தது. வஸார் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் பயின்று 1928இற் பட்டம் பெற்றார். யேல் சர்வகலாசாலையில் 1934இற் கணிதத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இதற்கிடையே 1931 முதல் வஸாரிலேயே கணித ஆசிரியையாகப் பணிபுரிந்து வந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபொழுது கடற்படையிற் சேரவிரும்பினார். வயது மிகுதி, நிறையோ வேண்டிய அளவினும் 15 இறாத்தல் குறைவு. எனினும் விடாது முயன்று, விசேட அனுமதி பெற்று, 1943 டிசெம்பரிற் கடற்படைச் சேமப்பிரிவிற் சேர்ந்தார். 1944இல் ஹார்வாட் சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்ட அவர், ஹவார்ட் எய்க்கன் என்பாரின் கீழ், மார்க் 1 என்னும் பெருங்கணிப்பொறியை இயக்கும் பணியில் அமர்ந்தார். 51 அடி நீளமுடைய அப்பொறி, துளையிட்ட கடதாசி நாடாவிலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாய்ப் படித்துத் தொழிற்படுவது. அதனை இயக்கும் முறையை விளக்கி 500இற்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட நூலொன்றனையும் அவர் ஆக்கினார். அந்நூல் 1946இல் வெளிவந்தது.

அக்காலத்துப் பொறிக்குக் கட்டளை எழுதுதல் எண்களை நிரல்பட அடுக்குதலேயாம். முன்னர் ஒருமுறை எழுதிய பகுதியே மீண்டும் வேண்டப்படின், அதனைக் கையாற் பெயர்த்தெழுதல் வேண்டும். பெயர்த்தெழுதுந்தோறும் பிழை புகும். 1949இற் பிலடெல்பியா நகரத்து எக்கட்-மோச்லி நிறுவனத்திற் சேர்ந்த அம்மையார், இத்தொல்லையைப் பொறியிடமே ஒப்படைக்கலாமெனக் கண்டார். 1952இல் அவர் ஆக்கிய ஏ-0 என்னும் தொகுப்பி, வேண்டிய பகுதிகளைத் தானே எடுத்துத் தொகுத்துத் தந்தது. கணிப்பொறி கூட்டவும் பெருக்கவும் மட்டுமே வல்லது என நம்பியிருந்த பலர், அது நிரல் தொகுக்கும் என்பதனை எளிதில் ஏற்றிலர்.

அதன்பின், எண்ணும் குறியுமல்லாத சொற்களாலேயே கட்டளையிடலாமென அவர் துணிந்தார். ஆங்கிலச் சொற்களால் இயங்கும் முறையைக் காட்டியதோடமையாது, பிரெஞ்சு, ஜேர்மன் சொற்களாலும் அதனையே செய்து காட்டினார். பொறிக்கு எம்மொழியும் தன்மொழியன்று. எழுத்துக்கள் யாவும் அதற்கு அடையாளங்களே என்பது இதனாற் புலனாயிற்று. இம்முயற்சியின் பயனே புளோ-மற்றிக் என்னும் மொழியாகும்.

1959இல், மேரி ஹோஸ் என்னும் அம்மையாரின் தூண்டுதலால், எந்நிறுவனத்தின் பொறியிலும் இயங்கவல்ல பொதுமொழியொன்று வகுக்கப்படல் வேண்டுமென அறிஞரும் அரசாங்கத்தாரும் கூடினர். குழுவினர் பலர் உழைத்து ஆக்கிய அம்மொழியே கொபோல். அதற்கு அடிப்படையாய் நின்றது புளோ-மற்றிக். 1960 டிசெம்பரில் ஒரே நிரல் வெவ்வேறு நிறுவனத்தாரின் இரு கணனிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

இம்மொழி நிலைத்தமைக்குக் காரணம் யாது? பத்திலொன்றைத் துவித எண்முறையில் எழுதப்புகின், மூன்றிலொன்றைத் தசமத்தில் எழுதுவார்க்கு 3 முடிவின்றி வருதல்போல, அதுவும் முடிவின்றி நீளும். எங்கேனும் ஓரிடத்தில் அதனை வெட்டல் வேண்டும். வெட்டியவிடத்துச் சிறுபிழை புகும். இலட்சக்கணக்கான கணக்குகளில் அப்பிழை திரண்டால், சதங்கள் கணக்கிற் பொருந்தா. கொபோலோ, எத்தனை தசமதானம் வேண்டுமென எழுதுவோரே வரையறுக்க இடந்தந்து, தசமமுறையிலேயே கணிப்பது. மேலும், அதன் கட்டளைகள் வாக்கியம்போல் அமைதலின், ஒருவர் எழுதியதனைப் பல்லாண்டுகளின் பின் வேறொருவர் படித்தறிதல் இயலும்.

குறைபாடுகளும் இல்லாமலில்லை. இடத்தைச் சிக்கனப்படுத்த ஆண்டினை ஈரிலக்கத்தால் எழுதிய பழைய நிரல்களைத் திருத்த, 2000ஆம் ஆண்டு பிறக்குமுன் உலகெங்கும் பெருமுயற்சி வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரிலில், நோய்த்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் பெருகியபொழுது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கொபோல் அறிந்த தொண்டர்களை வேண்டி அழைத்தார். கருவி தேயவில்லை, அதனைக் கையாளக் கற்றோரே அருகினர். உதவித்தொகையை எதிர்நோக்கியிருந்த ஏழைக் குடும்பங்களன்றோ அதன் பயனை அனுபவித்தன!

அம்மையார் 1966இற் கடற்படையினின்று ஓய்வுபெற்றார். ஆயின், கொபோலை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1967இல் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைக்கப்பட்டார். அப்பணி பல்லாண்டுகள் நீண்டது. றியர் அட்மிரல் பதவியுடன் 1986இல், 79ஆம் வயதில், இறுதி ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பெயர் பூண்ட போர்க்கப்பல் 1997இற் சேவையில் இணைந்தது. யேல் சர்வகலாசாலைக் கல்லூரியொன்று 2017இல் அவர் பெயரைப் பெற்றது.

வழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்தலை அம்மையார் வெறுத்தார். அதனை நினைவூட்டவே, இடஞ்சுழியாக ஓடும் மணிக்கூடொன்றைத் தம் அறையில் மாட்டியிருந்தார். அத்தகையார் ஆக்கிய மொழி மூன்று தலைமுறை நிலைத்தது வழக்கத்தாலன்று, பயனாலேயாம். மாணவர்காள்! புதியன யாவும் விரும்பிக் கற்பீராக. முன்னோர் விட்டுச்சென்ற கருவியைக் கண்டவிடத்து, மணிக்கூட்டைக் கழற்றிய அச்சிறுமியைப்போல, அது யாங்ஙனம் இயங்குகின்றது என ஆராய்ந்த பின்னரே, கொள்வதா தள்ளுவதா எனத் துணிவீராக.