தெமிஸ்டோக்கிளீஸ்

தெமிஸ்டோக்கிளீஸ் (ஏறத்தாழ கி.மு. 524 – கி.மு. 459) பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகர அரசைச் சேர்ந்த அரசியல்வாதியும் படைத்தலைவரும் ஆவார். அதுவரை பெரிதும் நிலப்படையையே நம்பியிருந்த ஏதென்சைக் கிரேக்கத்தின் முதன்மையான கடற்படை அரசாக மாற்றியவர் இவரே. கி.மு. 480 இல் நடைபெற்ற சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் பேரரசின் கடற்படையைக் கிரேக்கர் வென்றதற்கு இவர் முயன்று உருவாக்கிய கடற்படையும் இவர் வகுத்த திட்டமும் முக்கிய காரணங்களாகும். எனினும் இவர் பின்னாளில் தம் நகர மக்களாலேயே வெளியேற்றப்பட்டு, தாம் தோற்கடித்த பாரசீகரிடமே அடைக்கலம் பெற்று, அவர்களுடைய ஆட்சிப்பகுதியில் இறந்தார்.

இளமை

இவருடைய தந்தையார் பெயர் நியோக்கிளீஸ். தாயார் ஏதென்சைச் சேர்ந்தவர் அல்லர் எனப் பண்டைய ஆசிரியர்கள் சிலர் எழுதியுள்ளனர். அக்காலத்தில் ஏதென்சின் அரசியலில் செல்வாக்குப் பெற்றிருந்த பெருங்குடும்பங்களோடு ஒப்பிடுகையில் இவருடைய குடும்பம் புகழ் பெற்றதன்று. கி.மு. 508 அளவில் கிளைஸ்தனீஸ் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் மக்கள் அவையின் அதிகாரத்தைப் பெருக்கியிருந்தன. இதனால், பேச்சுத் திறமையும் கூர்மையான அறிவும் கொண்ட தெமிஸ்டோக்கிளீஸ் அரசியலில் உயர முடிந்தது.

கி.மு. 493 இல் இவர் ஆர்க்கான் என்னும் தலைமை ஆட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏதென்சின் கப்பல்கள் அதுவரை பலேரோன் என்னும் திறந்த கடற்கரையையே பயன்படுத்தி வந்தன. அதற்கு மாறாக, இயற்கையான மூன்று துறைகளைக் கொண்ட பிரேயஸ் தீபகற்பத்தை அரண் செய்யும் பணியை இவர் தொடங்கினார்.

கடற்படை உருவாக்கம்

கி.மு. 490 இல் மாரத்தான் போரில் ஏதென்சின் நிலப்படை பாரசீகரைத் தோற்கடித்தது. இதனால் ஆபத்து நீங்கிவிட்டது எனப் பலர் கருதினர். ஆனால் பாரசீகர் மேலும் பெரும் படையுடன் திரும்பி வருவர் எனத் தெமிஸ்டோக்கிளீஸ் எதிர்பார்த்தார்.

கி.மு. 483 அளவில் ஏதென்சுக்கு உரிய லாரியோன் சுரங்கங்களில் வெள்ளி பெருமளவில் கிடைத்தது. அவ்வருவாயைக் குடிமக்களுக்கு ஆளுக்குப் பத்து டிராக்மா வீதம் பகிர்ந்தளிக்கலாம் என்ற கருத்து எழுந்தது. தெமிஸ்டோக்கிளீஸ் அதனை எதிர்த்து, அப்பணத்தைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்ட வேண்டும் என மக்கள் அவையை இணங்கச் செய்தார். தொலைவில் இருந்த பாரசீகத்தைவிட, அண்டைத் தீவான ஏஜினாவுடன் அப்போது நடந்துகொண்டிருந்த போரையே இவர் காரணமாகக் காட்டினார். இதன் பயனாக கி.மு. 480 அளவில் ஏதென்சிடம் ஏறக்குறைய 200 போர்க்கப்பல்கள் இருந்தன.

இக்கப்பல்கள் மூன்று அடுக்குகளாகத் துடுப்பு வலிப்போர் அமர்ந்து செலுத்திய டிரைரீம் வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் 170 துடுப்பு வலிப்போர் உட்பட ஏறத்தாழ 200 பேர் இருந்தனர். முன்புறத்தில் இருந்த வெண்கல முனையால் பகைவர் கப்பலை மோதி உடைப்பது இவற்றின் போர் முறையாகும். நிலப்படையில் சேரக் கவசமும் ஆயுதமும் வாங்கும் வசதி தேவைப்பட்டது. துடுப்பு வலிக்க அவ்வசதி தேவையில்லை. எனவே நகரின் பாதுகாப்பு ஏழைக் குடிமக்களின் கைக்கு வந்தது. அவர்களுடைய அரசியல் செல்வாக்கும் இதனால் உயர்ந்தது.

சலாமிஸ் போர்

கி.மு. 480 இல் பாரசீக மன்னர் முதலாம் செர்க்செஸ் பெரும்படையுடன் கிரேக்கத்தின் மீது படையெடுத்தார். மரச்சுவர் ஒன்றே காக்கும் என்ற பொருளில் டெல்பி ஆலயம் கூறிய குறி, கப்பல்களையே சுட்டுகிறது எனத் தெமிஸ்டோக்கிளீஸ் விளக்கினார். ஏதென்ஸ் மக்கள் சலாமிஸ், ஏஜினா, திரோசென் ஆகிய இடங்களுக்கு வெளியேறினர். பாரசீகர் நகரைக் கைப்பற்றி எரித்தனர்.

கிரேக்கக் கூட்டுக் கடற்படைக்கு ஸ்பார்ட்டாவைச் சேர்ந்த யூரிபியாடீஸ் தலைமை தாங்கினார். கப்பல்களில் ஏறத்தாழ பாதி ஏதென்சுடையவை. பெலோப்பொனேசியத் தலைவர்கள் பலர் தங்கள் பகுதிக்குப் பின்வாங்க விரும்பினர். அவ்வாறு செய்தால் கூட்டணி சிதறும் எனவும், எண்ணிக்கையில் மிகுந்த பகைவரைக் குறுகிய நீரிணையிலேயே எதிர்க்க வேண்டும் எனவும் தெமிஸ்டோக்கிளீஸ் வாதிட்டார். பின்னர், தம் பிள்ளைகளைக் கவனித்து வந்த சிக்கின்னஸ் என்னும் அடிமையை இரகசியமாகப் பாரசீகரிடம் அனுப்பி, கிரேக்கர் தப்பி ஓடப் போவதாகத் தெரிவித்தார் என ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். இதனை நம்பிய பாரசீகக் கடற்படை நீரிணைக்குள் நுழைந்தது. நெருக்கடியான இடத்தில் அதன் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக் குழப்பமடைந்தன. கிரேக்கர் பெருவெற்றி பெற்றனர். மறு ஆண்டு பிளாட்டியாவிலும் மைக்காலேயிலும் பாரசீகர் தோல்வியுற்றனர்.

மதில்களும் வெளியேற்றமும்

போருக்குப் பின் ஏதென்ஸ் தன் மதிலை மீண்டும் கட்டுவதை ஸ்பார்ட்டா விரும்பவில்லை. தெமிஸ்டோக்கிளீஸ் தாமே தூதராக ஸ்பார்ட்டாவுக்குச் சென்று, பேச்சுவார்த்தையை நீட்டித்துக் காலம் கடத்தினார். அதற்குள் ஏதென்ஸ் மக்கள் கல்லறைக் கற்களையும் பெயர்த்து வைத்து மதிலை எழுப்பினர். பிரேயஸ் அரண்களும் நிறைவு செய்யப்பட்டன.

கி.மு. 478 இல் ஏதென்சின் தலைமையில் டெலோஸ் கூட்டணி உருவானது. ஆனால் அதன் அமைப்பிலும் படையெடுப்புகளிலும் அரிஸ்டைடீஸ், சைமோன் ஆகியோரே முன்னின்றனர். தெமிஸ்டோக்கிளீசின் செல்வாக்குக் குறைந்தது. தற்பெருமையும் பணத்தாசையும் கொண்டவர் என்ற பழியும் இவர்மீது எழுந்தது.

கி.மு. 471 அளவில் இவர் பானை ஓட்டு வாக்கெடுப்பின் மூலம் வெளியேற்றப்பட்டார். ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரின் பெயரை மக்கள் உடைந்த பானை ஓட்டில் எழுதும் முறை இது. இதன்படி வெளியேற்றப்படுபவர் பத்து ஆண்டுகள் நகருக்கு வெளியே வாழ வேண்டும்; அவருடைய சொத்து பறிக்கப்படாது. ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் இருந்த ஒரு கிணற்றில், இவர் பெயர் எழுதிய ஏறத்தாழ 190 ஓடுகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஒரு சிலருடைய கையெழுத்திலேயே உள்ளன. எனவே இவருடைய எதிரிகள் வாக்களிப்போருக்குக் கொடுப்பதற்காக அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தனர் எனக் கருதப்படுகிறது.

பாரசீகத்தில் இறுதிக்காலம்

ஆர்கோசில் தங்கியிருந்தபோது, பாரசீகருடன் சேர்ந்து சதி செய்ததாக ஸ்பார்ட்டா இவர்மீது குற்றம் சாட்டியது. விசாரணைக்குச் செல்லாமல் தப்பிய இவர், கோர்சைரா, மொலோசியா, மாசிடோனியா வழியாகச் சிறிய ஆசியாவை அடைந்தார். செர்க்செசின் மகனான முதலாம் அர்த்தசெர்க்செஸ் இவரை ஏற்றுக்கொண்டார். ஓராண்டுக்குள் பாரசீக மொழியைக் கற்ற இவருக்கு மக்னீசியா, லாம்ப்சாக்கஸ், மயூஸ் ஆகிய நகரங்களின் வருவாய் வழங்கப்பட்டது. மக்னீசியாவில் இவர் தம் பெயரில் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் கிடைத்துள்ளன.

கி.மு. 459 அளவில் இவர் மக்னீசியாவில் காலமானார். நோயினால் இறந்தார் என துசிடிடீஸ் எழுதியுள்ளார். ஏதென்சுக்கு எதிராகப் போரிட மனமின்றி நஞ்சு அருந்தினார் என்ற கதையும் வழங்கியது. உறவினர் இவருடைய எலும்புகளை இரகசியமாகக் கொண்டுசென்று அட்டிக்கா மண்ணில் புதைத்தனர் என்றும் கூறப்படுகிறது.

கடற்படை வல்லமையின் வீழ்ச்சி

தெமிஸ்டோக்கிளீசுக்குப் பின் ஏதென்சின் கடல் வல்லமை மேலும் வளர்ந்தது. நகரையும் பிரேயசையும் இணைக்கும் நீண்ட மதில்கள் கட்டப்பட்டன. கி.மு. 454 இல் கூட்டணியின் கருவூலம் டெலோசிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. நட்பு நகரங்கள் படிப்படியாகத் திறை செலுத்தும் நகரங்களாயின. பிரிய முயன்றவை ஒடுக்கப்பட்டன.

கி.மு. 431 இல் ஸ்பார்ட்டாவுடன் பெலோப்பொனேசியப் போர் மூண்டது. கி.மு. 413 இல் சிசிலிப் படையெடுப்பு பேரழிவில் முடிந்தது. பின்னர் பாரசீகப் பணத்தின் உதவியால் ஸ்பார்ட்டாவும் கடற்படை அமைத்தது. கி.மு. 405 இல் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர், ஒருகாலத்தில் தெமிஸ்டோக்கிளீசுக்கு வழங்கப்பட்டிருந்த லாம்ப்சாக்கசில் தளம் அமைத்தார். அதன் எதிர்க்கரையான ஈகோஸ்பொட்டாமியில் கரையேற்றப்பட்டிருந்த ஏதென்சின் கப்பல்களைத் திடீரெனத் தாக்கி, ஏறத்தாழ அனைத்தையும் கைப்பற்றினார். கருங்கடற் பகுதியிலிருந்து வந்த தானியம் தடைப்பட்டதால் ஏதென்ஸ் பட்டினியில் வாடி, கி.மு. 404 இல் சரணடைந்தது. நீண்ட மதில்களும் பிரேயஸ் அரண்களும் இடிக்கப்பட்டன.

கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மீண்டும் கடற்படை அமைத்தது. எனினும் கி.மு. 322 இல் அமோர்கோஸ் அருகே மாசிடோனியரிடம் அடைந்த தோல்வியுடன் அதன் கடல் வல்லமை முடிவுற்றது.

மதிப்பீடு

ஹெரோடோட்டஸ் இவரைத் திறமைசாலியாகவும் பேராசைக்காரராகவும் காட்டுகிறார். துசிடிடீஸ், வரப்போவதை முன்னறியும் இயல்பான ஆற்றலுக்காக இவரை உயர்வாக மதிப்பிடுகிறார். புளூட்டாக் இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார். வெள்ளியைப் பங்கிடாமல் கப்பல் கட்ட எடுத்த முடிவு ஏதென்சைக் காத்ததோடு, அதன் மக்களாட்சி ஏழைகளையும் உள்ளடக்கி விரிவடைய வழிவகுத்தது. அதே கப்பல்களே பின்னர் பிற கிரேக்க நகரங்களை அடக்கவும் பயன்பட்டன.