பெர்னார்தினோ ரமாசினி

பெர்னார்தினோ ரமாசினி (அக்டோபர் 4, 1633 – நவம்பர் 5, 1714) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் மருத்துவப் பேராசிரியரும் ஆவார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என இவர் அழைக்கப்படுகிறார். தொழிலாளர்களுக்கு அவரவர் தொழிலால் உண்டாகும் நோய்களைப் பற்றி இவர் இலத்தீன் மொழியில் எழுதிய நூல் 1700 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உட்காரும் விதம், நிற்கும் நேரம், தூக்கும் சுமை, ஓயாது ஒரே அசைவைச் செய்யும் கை ஆகியவற்றால் உடல் கெடும் என்பதை முறையாகப் பதிவு செய்த முதல் பெருநூல் இதுவே எனலாம். இன்று பணிச்சூழலியல் எனப்படும் துறைக்கு அப்போது பெயர்கூட இல்லை. அப்பெயரைப் போலந்து அறிஞர் யாஸ்த்செம்போவ்ஸ்கி 1857 ஆம் ஆண்டில்தான் உருவாக்கினார்.

இளமையும் கல்வியும்

ரமாசினி வட இத்தாலியில் மொதெனா சிற்றரசுக்கு உட்பட்ட கார்ப்பி என்னும் சிறு நகரில் பிறந்தார். பார்மா பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்று 1659 இல் பட்டம் பெற்றார். பின்னர் உரோமை நகருக்கு அருகிலுள்ள ஊர்களில் சில காலம் மருத்துவராகப் பணியாற்றினார். அப்பகுதியில் பரவியிருந்த மலேரியாக் காய்ச்சல் இவரையும் பற்றிக்கொண்டதால் சொந்த ஊர் திரும்ப நேர்ந்தது. 1670களில் மொதெனா நகருக்குக் குடிபெயர்ந்தார். 1682 முதல் 1700 வரை மொதெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

இவருடைய ஆர்வம் மருத்துவத்தோடு நிற்கவில்லை. மொதெனா நகரின் ஊற்றுக் கிணறுகளில் நீர் எவ்வாறு தானே மேலெழுகிறது என்பதை ஆராய்ந்து 1691 இல் ஒரு நூல் எழுதினார். காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் மழை, வெப்பம், விளைச்சல் ஆகியவற்றையும் சேர்த்தே குறித்து வைத்தார். நோயாளியைச் சுற்றியுள்ள நிலத்தையும் காற்றையும் கவனிக்கும் இந்தப் பழக்கமே பின்னாளில் அவரைத் தொழிற்கூடங்களுக்குள் அழைத்துச் சென்றது.

கழிவுக்குழித் தொழிலாளி

தொழில் நோய்களின் மேல் தமக்கு நாட்டம் வந்த நிகழ்வை ரமாசினி தம் நூலிலேயே கூறியுள்ளார். மொதெனாவில் மக்கள் நெருங்கி வாழும் வீடுகளின் கழிவுக்குழிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை இறைப்பது வழக்கம். அவர் வீட்டுக் குழியை இறைக்க வந்த ஒருவர் மிகுந்த அவசரத்துடன் வேலை செய்தார். இத்தனை விரைவு ஏன் என்று ரமாசினி வினவினார். இவ்விடத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்பது அத்தொழிலாளியின் விடை. குழியிலிருந்து வெளியேறிய அவருடைய கண்கள் சிவந்து மங்கியிருந்ததை ரமாசினி கண்டார். பிறகு விசாரித்தபோது, அதே தொழிலைச் செய்து பார்வை இழந்த பலர் நகரத் தெருக்களில் பிச்சை எடுத்து வருவது தெரிந்தது.

கற்றறிந்த மருத்துவருக்குத் தெரியாத ஒன்று குழியில் இறங்குபவருக்குத் தெரிந்திருந்தது. இதன் பிறகு ரமாசினி மொதெனாவின் பட்டறைகளுக்கு நேரில் சென்று தொழில் நடப்பதைப் பார்த்தார், அங்கிருந்தவர்களிடம் கேட்டறிந்தார். அக்காலத்தில் பேராசிரியர் ஒருவர் இவ்வாறு செய்வது மதிப்புக்குரிய செயலாகக் கருதப்படவில்லை.

தொழிலாளர் நோய்கள் பற்றிய நூல்

'தெ மோர்பிஸ் ஆர்த்திஃபிக்கும் தியாத்ரிபா' என்பது நூலின் இலத்தீன் பெயர். முதற் பதிப்பில் 40க்கும் மேற்பட்ட தொழில்கள் இடம்பெற்றன. 1713 இல் பதுவா நகரில் வெளியான இரண்டாம் பதிப்பில் மேலும் பல தொழில்கள் சேர்ந்து எண்ணிக்கை 50ஐத் தாண்டியது. சுரங்கத் தொழிலாளர், ஈயப் பூச்சால் நஞ்சேறும் குயவர், பாதரசம் பூசும் கண்ணாடி வினைஞர், மருத்துவச்சி, சலவைப் பெண், கல்தச்சர், மீனவர், உழவர் எனப் பட்டியல் நீள்கிறது. கல்விமான்களும் பாடகர்களும்கூட விடுபடவில்லை.

நூலின் முன்னுரையில் மருத்துவர்களுக்கு அவர் ஒரு வழி சொல்கிறார். பண்டைக் கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசு நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறீர் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்கிறார். ஏழையின் வீட்டுக்குச் செல்லும் மருத்துவர் நின்றபடியே நாடி பார்த்துவிட்டுப் புறப்படக் கூடாது. முக்காலி கிடைத்தாலும் அதையே பொன் இருக்கையாக எண்ணி அமர்ந்து கேட்க வேண்டும் என்றும் எழுதினார். இன்று மருத்துவமனைகளில் நோயாளியின் தொழிலைக் குறித்துக்கொள்ளும் வழக்கத்தின் தொடக்கமாக இதைக் கூறுவர்.

தொழில் நோய்களின் காரணங்களை ரமாசினி இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கையாளும் பொருளிலிருந்து வரும் நஞ்சும் தூசும் ஆவியும். மற்றொன்று, உடலின் இயற்கைக்கு மாறான இருப்பும் அசைவும். முதலாவதை அவருக்கு முன்னும் சிலர் எழுதியிருந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பராசெல்சசு சுரங்கத் தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதியுள்ளார். இரண்டாவதே ரமாசினியின் தனிப் பங்களிப்பு.

எழுத்தர்களைப் பற்றிய பகுதி இதற்குச் சிறந்த சான்று. அலுவலகங்களில் கணக்கும் கடிதமும் எழுதுவோரின் துன்பத்துக்கு மூன்று காரணங்களை அவர் காட்டினார்: இடைவிடாது உட்கார்ந்திருத்தல், கையை எப்போதும் ஒரே போக்கில் அசைத்தல், பிழை வந்துவிடுமோ என்று மனம் ஓயாது அஞ்சுதல். இறகுப் பேனாவை நாள் முழுதும் பற்றுவதால் தசைகளும் தசைநாண்களும் இறுகி, நாளடைவில் வலக்கை செயலிழக்கும் என்றார். அவர் அறிந்த ஓர் எழுத்தருக்குக் கை முழுவதும் சோர்ந்து போனது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அந்தக் கையும் அதே நிலைக்கு வந்தது. இறகுப் பேனாவுக்குப் பதில் விசைப்பலகையை வைத்துப் பார்த்தால், கணினி முன் வேலை செய்வோருக்கு வரும் மணிக்கட்டு வலிக்கும் இது பொருந்தும். மூன்றாவது காரணமான மன அழுத்தத்தையும் அவர் சேர்த்தது வியப்புக்குரியது.

நின்று வேலை செய்வோருக்குக் காலில் நரம்பு புடைத்தலும் ஆறாப் புண்ணும் வருவதை அவர் குறித்தார். நெடுந்தூரம் நடப்பதைவிடச் சிறிது நேரம் அசையாது நிற்பது ஏன் அதிகம் களைப்பூட்டுகிறது என்ற கேள்வியையும் எழுப்பினார். நிற்கும்போது ஒரே தசைகள் ஓய்வின்றி இறுகியிருக்கின்றன, நடக்கும்போது அவை மாறி மாறி இளைப்பாறுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். ஆகவே இடையிடையே உட்காரவோ நடக்கவோ வேண்டும் என்றார். காலை மடக்கிக் குனிந்தே இருக்கும் தையற்காரருக்கு விடுமுறை நாட்களிலாவது உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தார். நுண்ணிய வேலை செய்வோர் அவ்வப்போது தலையை நிமிர்த்தி வேறு பொருள்களைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும் என்றார். பொதி சுமப்போர் மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தைத் தூக்குவதால் மார்புக்குக் கேடும் குடலிறக்கமும் நேர்வதை விளக்கினார்.

குறைகள்

நோய் உண்டாகும் முறைக்கு அவர் கூறிய விளக்கங்கள் பல அக்கால உடல்நீர்மக் கொள்கையைச் சார்ந்தவை. இன்று அவை ஏற்கப்படுவதில்லை. அவருடைய அறிவுரைகளில் பெரும்பாலானவை தொழிலாளியை நோக்கியே இருந்தன. முகத்தில் மெல்லிய தோற்பையைக் கட்டிக்கொள், கண்ணைக் கழுவு, வேலையைக் குறை என்று அவர் சொன்னார். அன்றாடக் கூலியால் குடும்பத்தைக் காப்பவரால் வேலையைக் குறைக்க இயலாது என்பது அவருக்கும் தெரியும். பிழைப்புக்காக வேலையை விட முடியாதோருக்கு மருத்துவம் பெரிதும் உதவாது என்பதைப் பல இடங்களில் வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறார். வேலை தருபவரைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் எண்ணம் வலுப்பெற மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது.

இறுதிக் காலம்

1700 இல் பதுவா பல்கலைக்கழகம் இவரை மருத்துவப் பேராசிரியராக அழைத்தது. அப்போது வயது 67. 1711 இல் அப்பகுதியின் மாடுகளைக் கொன்ற கொள்ளைநோயைப் பற்றிப் பேருரை நிகழ்த்தினார். முதுமையில் கண்பார்வை பெரிதும் மங்கியபோதும் கற்பித்தலை விடவில்லை. இரண்டாம் பதிப்பு வெளிவந்த மறு ஆண்டு, பதுவாவில் பக்கவாதத்தால் காலமானார்.

தாக்கம்

நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1705 இலேயே வெளிவந்தது. பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. இருப்பினும் ரமாசினி குறித்த பல துன்பங்கள் சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தைத் தூக்கச் செய்வதை 34 ஆம் பிரிவில் தடை செய்தது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புள்ளபோது உட்கார வசதி தர வேண்டும் என்று 44 ஆம் பிரிவில் கூறியது. ஆனால் துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரவில்லை. நாள் முழுதும் நின்றே விற்ற அவர்களுக்கு இருக்கை தருவதைக் கேரளம் 2018 இலும் தமிழ்நாடு 2021 இலும் கடைகள் சட்டத் திருத்தத்தின் வழியாகக் கட்டாயமாக்கின. காலில் நரம்பு புடைப்பதை ரமாசினி எழுதி அப்போது 321 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் விவரித்த வேலைகள் பல உருமாறி இன்றும் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் கல்லங்குறிச்சி முதலிய ஊர்களைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது (நிலவியலாளர்கள் அங்குள்ள ஒரு பாறைப் படிவத்துக்கே கல்லங்குறிச்சியின் பெயரை இட்டுள்ளனர்). அக்கல்லிலிருந்து ஆகும் சிமெண்டு 50 கிலோ மூட்டையாகச் சரக்குந்தில் ஏறுகிறது. கல்தூசைச் சுவாசிக்கும் கல்தச்சரையும் முதுகு வளைந்த பொதி சுமப்போரையும் பற்றிய அவருடைய இரு பகுதிகளும் இங்கு அடுத்தடுத்து நிற்கின்றன.

தொழிலிட நலம் பற்றிய அறிவியலாளர்களின் பன்னாட்டுக் கழகம் ஒன்று 1982 இல் ரமாசினியின் பெயரில் நிறுவப்பட்டது. அவர் பிறந்த கார்ப்பி நகரின் மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.