கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம்

அலோர் காஜாவில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் பெயர் சோ சின் ஆன். தேசிய அணியின் தற்காப்பைத் தாங்கிய அவர் எங்கள் ஊரில் பிறந்தவர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால், உயரமாக இருந்த ஒரே காரணத்துக்காக இடைநிலைப்பள்ளி அணியில் கோல் காவலராக நிறுத்தப்பட்டவன் நான். (அந்த இடத்தை யார் கேட்டு வாங்குகிறார்கள்?) அதனால், சோ சின் ஆனுக்குப் பின்னால் நின்றவரையே நான் தேடிப் படித்தேன். அவர் ஆர். ஆறுமுகம்.

1953இல் பிறந்த அவர் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடினார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர் பெற்றார்.

1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரணி தென் கொரியா. ஒரு கோல் நுழைந்தாலும், மறுமுனையில் ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலை அடிக்க, மலேசியா 2-1 என வென்றது. ஆனால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வாங்கிய இடம் கைக்கு வந்தும் பயன்படவில்லை.

1988 டிசம்பர் 18இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35தான்.

2016இல் 'ஓலா போலா' திரைப்படம் வந்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்ததும் ஆறுமுகம்தான் நினைவுக்கு வருவார். அப்பாவோடு பார்த்தேன். படம் நன்றாக இருந்ததா என்று அவர் பேசவே இல்லை. வீடு வரும்வரை மாஸ்கோ கதைதான். 36 ஆண்டுகள் ஆகியும் அவருக்குக் கோபம் தணியவில்லை.