நாவலரின் சொல்லும் நாவலரின் கஞ்சியும்

வன்னியில் வளர்ந்த என் தலைமுறைக்குத் துரோகி என்ற சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒருவர்மேல் அது விழுந்தால், அவர் என்ன செய்தார் என்று பிறகு எவரும் கேட்பதில்லை. ஆறுமுக நாவலரின் வாழ்க்கையை அண்மையில் மறுபடி வாசித்தபோது அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

நாவலர் 1822 இல் நல்லூரில் பிறந்தார். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, அவருடைய பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சியந்திரம் வாங்கி, பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். எளிய தமிழ் உரைநடைக்கு வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். சாதி ஒழுங்கை மட்டும் அவர் கேள்வி கேட்கவில்லை.

அதே கை கண்டனங்களையும் எழுதியது. 1854 இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரம், சைவத்தைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர் அளித்த பதில். 1872 இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையில் சொந்தச் சைவர்களையே கண்டித்தார். அவற்றில் கடுமை உண்டு. ஆனால் எந்தச் செயல் பிழை, எந்த வாதம் பிழை என்று வாசகருக்குத் தெரியும்.

1869 இல் வந்த போலியருட்பா மறுப்பு வேறு வகை. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அவருடைய அன்பர்கள் அருட்பா என்று போற்றினர். நாவலர் தலைப்பிலேயே போலி என்று எழுதிவிட்டார். நூலைத் திறக்கும் முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. எதிர்த்தரப்பும் சூடாகவே பதில் எழுதியது. இராமலிங்கர் 1874 இலும் நாவலர் 1879 இலும் மறைந்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நீண்டது.

கண்டனங்களை மட்டும் வாசிப்பவருக்கு ஒரு விடயம் தெரியாமலே போகும். இராமலிங்கர் 1867 இல் வடலூரில் தருமசாலை திறந்து பசித்தவருக்குச் சோறு போட்டார். பத்து வருடங்களின் பின் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது, நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். பசி விடயத்தில் இருவரும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். போலி என்ற ஒற்றைச் சொல் அதை மறைத்துவிட்டது.

எங்களுக்குக் கண்டிக்க நிறைய இருக்கிறது. தலைமைகளையும் கேட்க வேண்டும், எங்களையும் கேட்க வேண்டும். கண்டனத்தைக் கைவிடச் சொல்லவில்லை. என்ன செய்தார் என்பதை முதலில் எழுதுவோம் என்றுதான் சொல்கிறேன். ஆளுக்குப் பட்டம் சூட்டியபின் அதை எழுத இடமிருக்காது.

கடந்த மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி வரிசையில் எனக்குத் தெரிந்த இருவர் நின்றார்கள். முகநூலில் ஒருவரையொருவர் துரோகி என்று எழுதிக்கொண்டவர்கள். ஒரே கிடாரத்துக் கஞ்சியை ஆளுக்கொரு சிரட்டையில் வாங்கினார்கள். முகம் பார்க்காமலே குடித்துவிட்டுப் போனார்கள்.