நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது



நாமெல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, 2020-ல், கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடினார்களே, ஞாபகம் இருக்கா? ஒரு நாட்டில் கொடிய நோய் வந்தால் மற்ற நாடுகளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று உலக நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. அதற்காக முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டவர் டாக்டர் அட்ரியன் புரூஸ்ட்.

இவர் 1834-ம் ஆண்டு பிரான்சில் இல்லியே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா மளிகைக் கடைக்காரர். மகனைப் பாதிரியார் ஆக்க நினைத்தார்கள். ஆனால் அவர் பாரிசுக்குப் போய் டாக்டருக்குப் படித்தார்.

1866-ல் பிரான்சில் காலரா பரவியது. அப்போதெல்லாம் காலரா வந்தால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். புரூஸ்ட் பயப்படாமல் நோயாளிகள் பக்கத்திலேயே இருந்து வைத்தியம் பார்த்தார். பிறகு நோய் எந்த வழியாக வருகிறது என்று தேடிப் புறப்பட்டார். 1869-ல் அரசாங்கம் அவரை ரஷ்யாவுக்கும் பாரசீகத்துக்கும் (இன்றைய ஈரான்) அனுப்பியது. ரயில் இல்லாத இடங்களில் குதிரை மேல் போனார்.

அதே வருஷம்தான் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். கப்பல் சீக்கிரம் வந்தால் கப்பலோடு காலராவும் சீக்கிரம் வருமே! அதனால் எகிப்திலேயே காலராவைத் தடுக்க வேண்டும் என்று புரூஸ்ட் விடாமல் சொன்னார்.

ஆனால் நாடுகள் ஒத்துப்போகவில்லை. 1851-லேயே பாரிசில் 12 நாடுகள் கூடிப் பேசின. அதற்குப் பிறகும் பல தடவை கூடின. கப்பலை நிறுத்தி வைத்தால் வியாபாரம் கெடும் என்று முக்கியமாக பிரிட்டன் எதிர்த்தது. நம் நாடு அப்போது அவர்கள் கையில் இருந்தது. இந்தியாவிலிருந்து போகும் கப்பல்களில் அவர்களுக்குத்தான் லாபம்.

மாநாடு தோற்றாலும் புரூஸ்ட் அடுத்த மாநாட்டுக்குப் போய்விடுவார். கடைசியில் 1892-ல் வெனிஸ் நகரில், சூயஸ் வழியே போகும் கப்பல்களுக்கு முதல் ஒப்பந்தம் ஆனது. 41 வருஷம் ஆகியிருக்கிறது பாருங்கள்! 1893-ல் காலரா வந்தால் மறைக்காமல் மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்ததும், 1897-ல் பிளேக்குக்கும் ஒப்பந்தம் போட்டார்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாக்க 1903-ல் பாரிசில் மாநாடு நடந்தது. நவம்பர் 26-ந் தேதி புரூஸ்ட் இறந்துபோனார். ஏழே நாளில், டிசம்பர் 3-ந் தேதி, ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் அதைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவர் மகன் மார்செல் புரூஸ்ட் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். மகனைத் தெரிந்த அளவு அப்பாவை உலகத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் ஆரம்பித்த வேலை நிற்கவில்லை. 1907-ல் நாடுகள் சேர்ந்து பாரிசில் ஒரு சுகாதார அலுவலகம் அமைக்க ஒத்துக்கொண்டன. 1948-ல் உலக சுகாதார நிறுவனம் வந்தது. கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வீட்டில் வாந்தி பேதி வந்தால் மறைக்காமல் சொன்னால்தான் தெருவே பிழைக்கும். நாட்டுக்கும் அதே கதைதான். நோயை மறைப்பது வெட்கம், சொல்வது தைரியம்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி